கடுகு வெடித்த பிறகு

எண்ணெய் காய்ந்துவிட்டதை முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாசிலாமணியால் சொல்லிவிட முடியும். சொல்ல எங்கே முடியும், தெரிந்துகொள்ள முடியும். அடுப்படியில் சௌந்தரம் ஒரு கணம் சும்மா நிற்பாள், வளையல் சத்தம் நிற்கும், அஞ்சறைப் பெட்டியின் மூடி கிணுங்கும், கடுகு எண்ணெயில் விழும், விழுந்ததும் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத இடைவெளியில் தினமும் அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார், இன்றைக்கு வெடிக்காமலே போய்விடுமோ என்பது போல. அப்புறம் ஒன்று வெடிக்கும், தள்ளி இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து சடசடவென்று. உளுந்து விழுந்ததும் அந்தச் சத்தம் தணியும், மிளகாய் விழுந்தால் முன்னறை வரைக்கும் கமறும், கடைசியில் கறிவேப்பிலை ஒரு சீறு சீறும், உடனே குழம்பில் கொட்டித் தட்டைப் போட்டு மூடிவிடுவாள். பேப்பர் படிக்க முடியாமல் போன பிறகு, எழுத்தெல்லாம் ஈ மொய்த்தது போல ஆகிவிட்ட பிறகு, காலையில் அவர் படிப்பது இதைத்தான். இன்றைக்கும் கடுகு வெடித்தது. அது வெடிக்கும்போதே கீழே தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள், அந்த உறுமலுக்குள் ஏதோ விழுந்தது, கரண்டியாக இருக்கும், அவளுக்குக் கைப்பிடிப்பு குறைந்துதான் வருகிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கடுகு வெடித்து அடங்கியது. உளுந்து விழவில்லை.

கறிவேப்பிலை பறிக்கப் போயிருப்பாள். பின்பக்க பால்கனியில் ஒரு பழைய வாளியில் வைத்திருக்கிறாள், கிள்ளக் கிள்ள மொட்டையாகிப் போன செடி, அதற்குத் தினம் அரிசி களைந்த தண்ணீர். ஆனால் எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுப் போக மாட்டாளே. போவாள், ஒருதடவை போயிருக்கிறாள், துணி பறந்துவிட்டது என்று ஓடினாள். துணி பறந்திருக்கும். காற்று இல்லை. ஜன்னல் திரை அசையவே இல்லை, காற்று இல்லாமல் துணி எப்படிப் பறக்கும், சரி, எதிர்வீட்டு செலின் கூப்பிட்டிருப்பாள், பால்கனிக்குப் பால்கனி பேசுவார்கள், பேச ஆரம்பித்தால் சௌந்தரத்துக்கு உலகமே மறந்துவிடும். வீட்டில் பேச ஆள் இல்லாதவள். ஆள் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. அவர் வலது கையைப் பார்த்தார். மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. பக்கவாதம் வந்த அன்றைக்கு அந்தக் கையில்தான் மஞ்சள் பை இருந்தது. அன்றைக்கு மளிகைக் கடையில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், துவரம்பருப்பு, சீரகம், பெருங்காயம், கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே வந்தார், "கடுகு" என்றார் இவர், "எவ்வளவு சார்?" என்று கேட்டார் அவர். நூறு கிராம். நூறு கிராம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "கடுகு" என்றார் மறுபடியும். "கடுகுதான் சார், எவ்வளவு?" "கடுகு." கடைக்காரர் சிரித்தார், அந்தச் சிரிப்பு சாய்ந்துகொண்டே போனது, கடையும் பல்லி மிட்டாய் பாட்டில்களும் சாய்ந்தன, சாய்ந்தது தான்தான் என்று தெரியத் தரை வர வேண்டியிருந்தது. அந்த நூறு கிராம் இன்னும் உள்ளே நிற்கிறது. எல்லாமே உள்ளே நிற்கிறது. விமானப்படை ஸ்டோரில் கிளார்க்காக இருந்த காலத்தில் மேலதிகாரிகள் எழுதும் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பேச எழுந்தால் உட்கார வைக்கப் பக்கத்திலிருப்பவர் வேட்டியை இழுக்க வேண்டியிருக்கும், அத்தனை சொல்லும் உள்ளே வரிசை கட்டி நிற்கிறது, வாசலில் ஒரே ஒரு கடுகு குறுக்கே விழுந்து கிடக்கிறது. டாக்டர் சௌந்தரத்திடம்தான் சொன்னார், இவர் ஏதோ பக்கத்தில் இல்லாதது போல. "அவருக்கு எல்லாம் புரியும்மா. யோசிக்கவும் யோசிப்பார். வெளியே வரும்போது அந்த ஒரு வார்த்தையா வருது. சிலருக்கு அப்படி மாட்டிக்கும்."

வாசனை மாறிவிட்டது. வெடித்த கடுகின் வாசனை பசியைக் கிளப்பும், கருகிய கடுகு அடிநாக்கில் கசக்கும். இப்போது கசக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து அடடா என்று தலையில் அடித்துக்கொள்வாள், சட்டியைச் சிங்க்கில் போடுவாள், மறுபடி வேறு சட்டி வைப்பாள். வரட்டும். "கடுகு" என்றார். இது 'எங்கே இருக்கே' என்கிற கடுகு. கடைசி எழுத்து மேலே போகும். தண்ணீருக்கு ஒரு கடுகு உண்டு, சுருக்கமாக, இருமல் மாதிரி. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு தடவை, மெதுவாக, வெட்கத்தோடு. மின்விசிறிக்கு ஒன்று, மகள் தேன்மொழி பூனாவிலிருந்து போன் செய்தாளா என்று கேட்க ஒன்று, சாம்பாரில் உப்பு இல்லை என்பதற்கு ஒன்று. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பசு படத்தையும் குடை படத்தையும் காட்டிக் காட்டிக் களைத்துப் போனாள், கடுகு, கடுகு, அவள் போன பிறகு சௌந்தரம் அவர் முகத்துக்கு நேராக முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எனக்குச் சொல்லுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள். கண்டுபிடித்தாள். இந்த ஊரில், இந்த உலகத்தில், அந்தப் பாஷை தெரிந்தவர் இரண்டே பேர். மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகளுக்கு அவர் கடுகுத் தாத்தா. தேன்மொழிக்குக்கூடத் தெரியாது, போனைக் காதில் வைத்தால், "அப்பா, அப்பா, சரிப்பா, அம்மாகிட்டே குடுங்க" என்பாள், குரல் உடையும், அவள் அழுவது அவருக்குப் பிடிக்காது. இப்போது அவர் சொன்ன கடுகுக்குப் பதில் வரவில்லை. மோட்டார் நின்றது. நின்றதும் வீடு அகலமாகிவிட்டது போல இருந்தது. அடுப்பு எரியும் சத்தம் மட்டும், ஸ்ஸ் என்று, கேட்டது.

வளையல் சத்தம் இல்லை. அதை நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினைக்க வேண்டும், ஆனால் அந்த வாசனை வேறு எதையும் நினைக்க விடாது, எண்ணெய் புகைய ஆரம்பித்தால் எந்த எண்ணெயானாலும் அந்த எண்ணெய்தான், ராஜஸ்தானத்தில் கங்காநகருக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸில் எல்லாக் கதவிடுக்கிலிருந்தும் வந்த கடுகெண்ணெய். கல்யாணமாகி முதல் தடவை ரயில் ஏறியவள் சௌந்தரம். போய் இறங்கினது மார்கழிக் குளிரில். காலையில் பனி விலகினதும் வாசலுக்கு வந்து நின்றவள் உள்ளே ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். அவள் நெஞ்சு உயரத்துக்கு. "இது என்ன செடிங்க?" கடுகுச் செடி என்றார். "நாம தாளிக்கிற கடுகா? பொய் சொல்லாதீங்க." இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்துக் கடிக்கச் சொன்னார், கடித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். அப்போது வயிற்றில் எட்டு மாதம், பிரசவம் பார்க்கப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை. அடுத்த மாதம் பையன் பிறந்தான். பிறந்தான் என்று சொன்னதே யாருக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை, ஊருக்கு எழுதின கடிதம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே பிள்ளை பார்க்க வரும் கிழவி கடுகெண்ணெயைச் சூடு பண்ணித் தலையிலிருந்து கால்வரை தேய்ப்பாள், குளிருக்கு அதுதான் என்பாள். சௌந்தரத்துக்கு அந்த வாசனை ஆகாது. பால் கொடுக்கும்போது குமட்டுகிறது என்பாள். ஒருநாள் கிழவி போன பிறகு வெந்நீர் வைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டாள். மறுநாள் மூச்சு இழுத்தது. அதற்கடுத்த நாள் காலையில் அவர் வேட்டியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வயலுக்குச் சொந்தக்காரர் ஒரு தலைப்பாகைக் கிழவர், ஒன்றும் கேட்கவில்லை, வரப்போரமாக அவரே குழி வெட்டிக் கொடுத்தார், குனிந்தபோது பூவெல்லாம் தலைக்கு மேலே ஆடியது, தேனீ மொய்த்தது, அத்தனை தேனீ. மாற்றல் வந்து கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒருதடவை போய்ப் பார்த்தார்கள். அறுவடை முடிந்து உழுது போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று தெரியவில்லை. அவள் அவரைப் பார்த்தாள், அவர் அங்கே என்று ஒரு பக்கம் கையைக் காட்டினார். அது வெறும் கைகாட்டல்தான், அவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. தேன்மொழி பிறந்தபோதும் இல்லை. தேன்மொழிக்கு அப்படி ஒரு அண்ணன் இருந்தானென்று தெரியாது.

இந்தச் சொல் வாயில் மாட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்து சௌந்தரத்தைப் பார்த்து, பயந்துவிட்டாயா என்று கேட்கத்தான் நினைத்தார். "கடுகு" என்று வந்தது. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் கழிச்சா கேட்கறீங்க?" என்றாள். இல்லை, இல்லை, அதில்லை என்று தலையாட்டப் பார்த்தார், தலை ஆடவில்லை. "நான்தாங்க குளிப்பாட்டினேன். அந்தக் கிழவி வேணாம்னு சொன்னா. பாஷை புரியாத மாதிரி இருந்துட்டேன். நான்தான் கொன்னேன்." அதிலிருந்து சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவனுக்கு இடது காதில் மடிப்பு இருந்ததைச் சொல்லுவாள், விரலைக் கொடுத்தால் விடமாட்டான் என்பாள், பேர் வைக்கவில்லையே என்பாள். கடைசியில் எப்படிச் சுற்றினாலும் அந்த வெந்நீருக்கு வந்துவிடுவாள். இவர் கடுகு என்பார். உன் தப்பில்லை, பிறக்கும்போதே நெஞ்சில் சளி இருந்தது, கம்பவுண்டர் என்னிடம் சொன்னார், நான்தான் உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பேச வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. கடுகு. அவள் எல்லாக் கடுகையும் கண்டுபிடித்தாள், அதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கடுகாகச் சொன்னாலும் அதில் தன் குற்றத்தையே கேட்டாள். நாற்பது வருஷம் வாயில் சொல் இருந்தது. நாற்பது வருஷமும் பேப்பர் படித்தார்.

புகை இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்படி வாசலின் மேல்சட்டத்தை ஒட்டி, சோம்பலாக, முன்னறைக்குள் நீண்டது. "கடுகு!" என்றார். வந்ததில் பெரிய குரல். "கடுகு! கடுகு! கடுகு!" எதிர்ப் பக்கத்து ஜன்னல் திறந்தது. செலினின் தலை தெரிந்தது, காதில் ஏதோ மாட்டியிருந்தாள், ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவள். "என்ன அங்கிள், கடுகா?" என்றாள், எப்போதும் போல, அன்பாகத்தான். "ஆன்ட்டி தாளிக்கிறாங்க போல? வாசனை இங்க வரைக்கும் வருது." அவர் இடது கையை அடுப்படிப் பக்கம் நீட்டினார், அங்கே, அங்கே பார், "கடுகு!" "ஆமா அங்கிள், கடுகுதான். இருங்க, ஒரு கால் வந்திருக்கு" என்று ஜன்னலைச் சாத்தினாள். அப்போதுதான் அவருக்கு அது நினைவு வந்தது, எந்த மூலையில் கிடந்ததோ, சங்கக் கூட்டத்தில் ஒருதடவை அரை மணி நேரம் பேசியிருக்கிறார், கடுகு என்றால் சமையலறைச் சாமான் மட்டுமல்ல, கடுகுதல் என்றால் விரைதல், கடுகி வந்தான் என்றால் ஓடி வந்தான், ஆக ஒருவரைப் பார்த்துக் கடுகு என்றால் ஓடு, சீக்கிரம் வா. சரியான சொல்லைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார். நோய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாயும் மனமும் ஒரே சொல்லில் நிற்கின்றன, கடுகு, விரைந்து வா, ஓடி வா, தமிழில் இதைவிடத் தெளிவாக ஒருவரைக் கூப்பிட முடியாது. அதற்கென்ன. அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழெட்டுக் கிழவர்களுக்குத் தெரியும். அதிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

எழுந்திருக்க முடியாது, விழ முடியும். விழுவதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். இடது கையால் நாற்காலிக் கையை உந்தி, உடம்பை வலது பக்கமாகச் சாய்த்தார். தோள் தரையில் மோதியது, வலி வந்தது, வலி வந்ததில் ஒரு சந்தோஷம், இந்தப் பக்கமும் இன்னும் தன்னுடையதுதான். முழங்கையை ஊன்றி இழுத்தார். தரை வழுவழுவென்று இருந்தது, காலையில்தான் அவள் துடைத்தாள், ஃபினாயில் வாசனை, அதற்கு மேலே கருகல். ஊன்று, இழு. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது அடுப்படி பக்கத்தில்தான் இருந்தது. சோபாவின் அடியில் எப்போதோ தொலைந்த ஒரு தோடு, தூசிக்குள் கிடந்தது, இதைத்தானே அவள் தேடினாள், இங்கே இருக்கிறது, சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, தோட்டுக்கு இன்னும் கடுகு இல்லை. ஊன்று, இழு. மயக்கமாக இருக்கும், அவ்வளவுதான், காலையில் காப்பி மட்டும் குடித்தாள், தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவாள். வாசற்படியைத் தாண்டித் தலை உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அவளுடைய குதிகால். வெடிப்பு விழுந்த குதிகால். அது எந்தப் பக்கமும் அசையவில்லை. மேலே பார்க்க வேண்டாம், முதலில் அடுப்பு. அடுப்பு மேடையின் மேல் வெகு உயரத்தில் இருந்தது, புகைக்குள்ளே சட்டி தெரியவில்லை, ஆனால் சிலிண்டர் கீழேதான், மேடைக்கு அடியில், அவர் முகத்துக்கு நேரே. அந்தக் குமிழை எப்போதும் வலது கையால்தான் திருகுவார். எந்தப் பக்கம் திருகுவது? இடது கை ஒருதடவை தப்பாகத் திருகியது, பிறகு சரியாகத் திருகியது. ஸ்ஸ் என்ற சத்தம் நின்றது.

அப்புறம் சௌந்தரத்திடம் போனார். ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கை தலைக்கு அடியில், தூங்குகிறவள் மாதிரி. பக்கத்தில் கவிழ்ந்த உளுந்துக் கிண்ணம். கன்னத்தில் கை வைத்தார், சூடு இருந்தது, அடுப்படி முழுக்கச் சூடாகத்தானே இருக்கிறது, மூக்குக்கு நேரே விரலை வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். தன் மூச்சே விரலில் படுகிறதென்று தெரிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தார். கண் பாதி திறந்திருந்தது. அவர் தலையை அவள் தலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். காது இங்கே இருக்கிறது. காது கடைசியில்தான் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையோ இல்லையோ, காது இங்கே இருக்கிறது. "கடுகு" என்றார். உன் தப்பில்லை. "கடுகு." அவனுக்கு முதலிலேயே சளி, கம்பவுண்டர் சொன்னார். "கடுகு, கடுகு." அந்த வயலில் நான் கை காட்டின இடம் அது இல்லை, எனக்கும் தெரியவில்லை, நீ பார்த்தாய் என்று காட்டினேன். "கடுகு." நீ இலையைக் கடித்துவிட்டுச் சிரித்தாயே. "கடுகு." குரலை ஏற்றினார், இறக்கினார், இழுத்தார், நிறுத்தினார், இதுவரை செய்யாத கடுகுகளையெல்லாம் செய்து பார்த்தார், எதற்காவது அவள், "ஓ, அதுவா?" என்று சொல்லிவிடுவாள் என்று. சொல்ல வேண்டியது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

செலின் வந்தது அப்போதுதான். புகையைப் பார்த்து ஓடி வந்தாள், கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. "ஐயோ ஆன்ட்டி!" என்று அலறினாள். அதற்குப் பிறகு நிறையக் கால்கள் வந்தன. யாரோ அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள், ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, தலையை ஆட்டினான். விழும்போதே போயிருக்கும் என்றான். "நான்தான், நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். அங்கிள் கூப்பிட்டாங்க" என்று செலின் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். இல்லையம்மா, நீ வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, இதையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டார். தேன்மொழிக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தார்கள். "அப்பா, அம்மா கஷ்டப்பட்டாங்களாப்பா? ஏதாவது சொன்னாங்களா?" என்றாள். "கடுகு" என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைதான் கேட்டது. அந்தப் பையனைப் பற்றித் தெரிந்தவர் இனி அவர் ஒருவர்தான்.

சௌந்தரத்தை முன்னறையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். தூக்கி வந்தபோது புடவை கணுக்காலுக்கு மேலே ஏறி, முழங்கால் வரைக்கும் தெரிந்தது. கட்டினவரின் முன்னால்கூடப் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருகிறவள். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், யாரும் காலைப் பார்க்கவில்லை. அவர் தாடையால் அந்தப் பக்கம் காட்டி, "கடுகு" என்றார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, பாவம் என்று கண்ணைத் துடைத்தார்கள். "கடுகு. கடுகு." செலின் மட்டும் எழுந்து வந்தாள். அவருக்கு முன்னால் மண்டியிட்டு, "சொல்லுங்க அங்கிள், என்ன வேணும்?" என்று அவர் வாயையே பார்த்தாள். இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று அவள் உறுதியாக இருப்பது தெரிந்தது. அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணைப் பாயின் பக்கம் கொண்டுபோய்க் கொண்டுபோய்ச் சொன்னார். அவள் முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு வந்தது. "உங்க பக்கத்துச் சடங்கா அங்கிள்? ஆன்ட்டிக்கு வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குள் ஓடினாள். வந்து, அவருடைய இடது கையைப் பிடித்து விரித்து, அதில் ஒரு பிடி கடுகை வைத்து, சிந்திவிடாமல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கைகட்டிக்கொண்டு நின்றாள். சௌந்தரத்தின் கால் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது.